கொக்கி விரிப்புகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஹாலிஃபாக்ஸில். கூடத்துச் சுவரில், குதிரைப் படம் போட்ட ஒரு பழைய கொக்கி விரிப்பு, அதாவது கையால் செய்த தரைவிரிப்பு, மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிட்டுக் கேட்க ஆரம்பிப்பார்கள். ஊரிலிருந்து வீடியோவில் பேசும் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் அதே சந்தேகங்கள்தான். இத்தனை வருடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது என்ன, பின்னலா, நெசவா, முடிச்சா?

மூன்றும் இல்லை. ஆரி ஒர்க் பார்த்திருப்பீர்கள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி முனை ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் பிடித்திருக்கும் நூலை மேலே இழுப்பார்கள். இதுவும் அதே கையசைவுதான். நூலுக்குப் பதில் பழைய கம்பளித் துணியைக் கிழித்த பட்டை, ரவிக்கைத் துணிக்குப் பதில் சாக்கு. ஆரியில் ஒரு வளையம் அடுத்ததற்குள் மாட்டிக்கொண்டு சங்கிலியாகப் போகும். இதில் ஒவ்வொரு வளையமும் தனியாக நிமிர்ந்து நிற்கும்.

முடிச்சே கிடையாது. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்குவதாலும், சாக்கின் இழைகள் அவற்றை அடியில் இறுகப் பிடித்திருப்பதாலும்தான் விரிப்பு நிலைக்கிறது. ஒரு நுனி கையில் சிக்கி இழுத்தால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். ஆங்கிலத்தில் ஹூக்டு ரக் என்கிறார்கள். நான் கொக்கி விரிப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

எந்த ஊர் வேலை? எவ்வளவு காலமா செய்யறாங்க?

அமெரிக்காவின் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் பக்கமும், கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைகளும்தான் இதன் தாய்வீடு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. அதற்கு முன்னும் இங்கே வீட்டில் செய்த விரிப்புகள் உண்டு. ஆனால் அவை லினன் துணியில் ஊசியால் தைத்தவை, செய்ய நாள் பிடிக்கும். இங்கிலாந்தின் நெசவாளர்கள், கப்பல் மாலுமிகள் என்று வேறு மூலங்களையும் சிலர் சொல்வார்கள். நமக்குக் கையில் கிடைக்கும் பழைய விரிப்புகள் எல்லாம் இந்தக் கடலோரத்தைத்தான் காட்டுகின்றன.

செய்தவர்கள் பெரும்பாலும் மீனவர், விவசாயிக் குடும்பத்துப் பெண்கள். ஆலையில் நெய்த கம்பளம் வாங்க அவர்களுக்கு வசதி கிடையாது. பலகைத் தரையோ குளிர்காலத்தில் பாதத்தைக் கடிக்கும். பனி மூடி வெளிவேலை நின்றபின், அடுப்பருகே சட்டத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கொக்கிகூட வீட்டுச் செய்முறைதான்: ஓர் ஆணியின் நுனியை அரத்தால் ராவி வளைத்து, மரப்பிடியில் செருகினால் ஆயிற்று.

சாக்கு நம்ம ஊர்லேருந்தா போச்சு?

ஆமாம், இந்த விரிப்புக்கும் நமக்கும் உள்ள நிஜமான உறவு அதுதான். சணல் வங்காளத்தில் விளைந்தது. 1830களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைகள் அதை நூற்க ஆரம்பித்தன. 1855இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை வந்தது. அதன்பின் தானியம், சர்க்கரை, தீவனம், உருளைக்கிழங்கு எல்லாம் சணல் சாக்கில் உலகம் சுற்றின. ஆங்கிலத்தில் சாக்கை ‘கன்னி’ என்பார்கள். அதுவும் நம் ‘கோணி’யும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

காலியான சாக்கு எந்த வீட்டிலும் கிடைக்கும், செலவில்லை. பிரித்துத் துவைத்து விரித்தால் கொக்கி நுழைய வாகாக இடைவெளி உள்ள துணி. லினனில் பட்ட பாடு இதில் இல்லை. கொக்கி விரிப்பு இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்தச் சாக்குதான் பெரிய காரணம். எங்கள் குதிரை விரிப்பின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தால், மங்கிய நீல மையில் ஓர் எடை எண்ணும் இரண்டு பாதி எழுத்துகளும் தெரியும். அதைக் காட்டும்போது எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கும்.

கடைகள்ல ‘பிரிமிடிவ்’னு போட்டிருக்கே, பழங்குடி மக்கள் செஞ்சதா?

இல்லை. இந்த வட்டாரத்தில் பிரிமிடிவ் என்றால் ஓவியப் பயிற்சி இல்லாதவர் தன் கண்ணுக்குத் தோன்றியபடி வரைந்தது என்று பொருள். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதில் இருக்காது. எது முக்கியமோ அது பெரிதாக இருக்கும். வீட்டைவிடப் பெரிய கோழியைப் பார்க்கலாம்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இன்றைக்குப் புதிதாகச் செய்யும் ஒரு பாணிக்கும் அதே பெயர். அகலமான பட்டை, மங்கிய நிறம், பழைய காலத்துக் கோலம் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். அதில் தவறில்லை, நல்ல கைகள் நிறைய இருக்கின்றன. வாங்கும்போது மட்டும், பழையது என்கிறார்களா, பாணி என்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழம்பொருள் கடைகளில் ‘ஆன்டிக்’ என்றால் பொதுவாக நூறு வருடம் தாண்டியது என்று கணக்கு.

சின்னக் குழந்தை வரைஞ்ச மாதிரி இருக்கு. கோணல்மாணல். இதுல என்ன அழகு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எங்கள் குதிரையின் பக்கத்தில் வந்து நின்று பாருங்கள். உடம்பு நீளம், கழுத்து கொஞ்சம் குட்டை. பின்னங்கால் ஓரக்கட்டில் இடித்துக்கொண்டு மடங்கியிருக்கிறது, ஏனென்றால் முகத்திலிருந்து வரைய ஆரம்பித்து வால்பக்கம் வருவதற்குள் சாக்கு முடிந்துவிட்டது. பின்புலம் முக்கால்வாசி சாம்பல் கலந்த பழுப்பு, யாரோ ஒருவருடைய கம்பளிக் கோட்டைக் கிழித்த பட்டை. அந்தக் கோட்டு குதிரையின் முதுகுக்கு மேலே ஓரிடத்தில் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு கருநீலம். செய்தவர் வரிசையின் நடுவில்தான் துணி மாற்றியிருக்கிறார், சமாளித்து ஒளிக்கவில்லை. குதிரையின் கண்ணில் மட்டும் ஒரே ஒரு சிவப்பு வளையம். சிவப்பு ஃபிளானல் அந்த வீட்டில் எவ்வளவு மிச்சமிருந்ததோ தெரியாது, அதைக் கண்ணுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.

இதைத்தான் அழகு என்கிறேன். கையில் என்ன இருந்தது, எது போதவில்லை, போதாதபோது என்ன முடிவெடுத்தார் என்பது ஒவ்வொரு அங்குலத்திலும் தெரிகிறது. தேர்ந்த ஆலையில் நெய்த கம்பளத்தில் இந்த முடிவுகள் தெரியாது, தெரியவும் கூடாது. அங்கே திறமை என்பதே அவற்றை மறைப்பது. வளையங்கள் போகும் திசையையும் பாருங்கள். கழுத்தில் கழுத்தின் வளைவோடு ஓடி, வயிற்றில் சுற்றிச் சுற்றிப் போகின்றன. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிய கைக்குத்தான் அது வரும் என்று நான் நம்புகிறேன்.

படமே இல்லாம வெறும் கோடு கோடா இருக்கறதும் இதே வகையா?

அதே வகைதான், சொல்லப்போனால் எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். மிச்சப் பட்டைகளை வந்த வரிசையில் இழுத்துக்கொண்டே போவதை ‘ஹிட் ஆர் மிஸ்’ என்பார்கள். தட்டு, சாஸர், கிண்ணம் இவற்றைக் கவிழ்த்துச் சாக்கில் கரியால் கோடு போட்டு வட்டமும் சிப்பி வடிவமும் எடுப்பார்கள். மரத்திலிருந்து இலை பறித்து வைத்து வரைவதும் உண்டு. சமையலறைச் சாமான்தான் அவர்களுடைய காம்பஸ்.

அச்சடிச்ச டிசைனைப் பார்த்துப் பண்ணினா அது மட்டமா?

மட்டம் என்று சொல்ல மாட்டேன், வேறு வகை. இதற்கு எட்வர்ட் சாண்ட்ஸ் ஃபிராஸ்ட்டின் கதை தெரிய வேண்டும். மெய்னில் பிடஃபர்ட் என்ற ஊர்க்காரர். அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து உடல்நலம் கெட்டுத் திரும்பி, தகரச் சாமான் விற்கும் வண்டி வியாபாரியாக ஊர் ஊராகப் போனவர். ஒருநாள் மனைவி விரிப்பு செய்வதைப் பார்த்து, கொக்கி சரியில்லை என்று புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். அப்புறம் கோலம் சரியில்லை என்று அதையும் வரைந்து கொடுத்தார். அக்கம்பக்கத்தார் எங்களுக்கும் என்று கேட்க, கையால் வரைந்து முடியாமல் உலோகத் தகட்டை வெட்டி அச்சு செய்தார். 1868 வாக்கில் ஆரம்பித்தது. 1876இல் தொழிலை விற்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கோலங்கள் போட்டிருந்தார். சிங்கம், நாய், பூச்சுருள் எல்லாம் அவர் அச்சில் வந்து வீடு வீடாகப் போயின.

ஒரே சிங்கத்தை நூறு பேர் செய்திருந்தாலும் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. நிறமும் துணியும் அந்தந்த வீட்டுடையது. சிலர் சிங்கத்தை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள செடியை மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றியதைத் தேடிப் பார்ப்பது தனி சந்தோஷம். ஆனால் முழுக்கத் தன் கையால் வரைந்த விரிப்புக்குச் சந்தையில் மதிப்பு கூடுதல், அது நியாயம்தான்.

ஸ்டாக்கிங்ஸ்ல பண்ணினதுன்னு ஒண்ணு பார்த்தேன், நிஜமா?

நிஜம், பெண்கள் போடும் மெல்லிய நீளக் காலுறைதான். வில்ஃப்ரட் கிரென்ஃபெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1892இல் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரைக்கு வந்தார். மீன் வரத்து பொய்த்தால் அங்கே வீட்டில் காசே இருக்காது. பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விரிப்பு வேலையை வருமானமாக்கலாம் என்று அவருடைய மிஷன் முயன்றது. 1906இல் வந்த ஜெஸ்ஸி லூதர் என்ற அமெரிக்கப் பெண் கைத்தொழில் பிரிவை வளர்த்தார். பிறகு அமெரிக்க, கனடியப் பெண்களிடம் கிழிந்த பட்டு ஸ்டாக்கிங்ஸை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள், மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றை மெல்லிய பட்டையாக வெட்டிச் சாயமேற்றிச் செய்தவைதான் கிரென்ஃபெல் விரிப்புகள்.

பனிக்கரடி, நாய் இழுக்கும் சறுக்குவண்டி, வாத்துக் கூட்டம் இவைதான் படங்கள். வளையம் அவ்வளவு பொடிசு, வரிசை நூல் பிடித்தாற்போல் கிடைமட்டமாக நேராக ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஓவியம் என்றே நினைப்பீர்கள். பின்னால் பெரும்பாலும் முத்திரைத் துணி தைத்திருக்கும். பிரிமிடிவ் வகையோடு இதைச் சேர்க்க முடியாது. வடிவமைத்தவர் ஒருவர், இழுத்தவர் வேறொருவர்.

பழசா, பழசு மாதிரி பண்ணினதா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திருப்பிப் பாருங்கள், முக்கால்வாசி பதில் பின்பக்கத்தில் இருக்கிறது. கைவேலையில் வரிசை அலைந்து திரியும், துணி மாறிய இடம் தெரியும். பழைய சணல் கருத்துப்போய், விரலால் மடக்கினால் மொரமொரப்பாக இருக்கும் (மெதுவாக!). பின்னால் ரப்பர் பசையும் அதன் மேல் ஒட்டுத்துணியும் இருந்தால் அநேகமாகத் துப்பாக்கிபோல் இருக்கும் இயந்திரக் கருவியால் நூலை அடித்த இன்றைய ஆலைச் சரக்கு, அல்லது பழையதை யாரோ பசை பூசிக் கெடுத்தது.

அப்புறம் நிறம். வளையத்தை லேசாக விலக்கி அடியைப் பாருங்கள். வெயில்பட்ட மேல்நுனி வெளுத்து, அடி பளிச்சென்று இருந்தால் நல்ல அறிகுறி. 1856இல் பெர்க்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பின் வந்த ஊதா, மெஜந்தா வகைகள் வெளிச்சத்தில் நிற்காது. இன்றைக்குச் சேற்று நிறமாகத் தெரிவது ஒருகாலத்தில் கண்ணைப் பறிக்கும் ஊதாவாக இருந்திருக்கலாம். மேலும் கீழும் பின்னும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் தேயிலைத் தண்ணீரில் முக்கியதோ என்று சந்தேகப்படுங்கள். தேய்மானம் கால் படும் இடத்தில் இருக்க வேண்டும். கால் படாத மூலையும் நடுவும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் ஏதோ சரியில்லை.

சில விரிப்புல வருஷம் போட்டிருக்கே, அதை நம்பலாமா?

பாதி நம்பலாம். அது திருமண வருடமாக இருக்கலாம், வீடு கட்டியதாக இருக்கலாம், நினைவுக்காகப் பிற்பாடு போட்டதாகவும் இருக்கலாம். அதேபோல் ஃபிராஸ்ட் கோலம் என்பதால் 1870கள் என்று முடிவுகட்டக் கூடாது. அவர் விற்ற பின்னும் அந்த அச்சுகளில் துணி அடித்து விற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். எண்ணைவிட மேலே சொன்ன பின்பக்கச் சோதனையை நம்புங்கள்.

தரையில போட்டு நடக்கலாமா? மெஷின்ல போட்டுத் துவைக்கலாமா?

புதியதில் தாராளமாக நடக்கலாம், அதற்காகச் செய்ததுதானே. நியூஃபவுண்ட்லாந்தில் வார நாட்களில் விரிப்பைக் குப்புறப் போட்டு, ஞாயிறும் விருந்தாளியும் வரும்போது திருப்பிப் போடுவார்கள் என்று சொல்வார்கள். நூறு வருடம் தாண்டியதில் வேண்டாம். சணல் இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ள நார், வயதாக ஆக இற்றுப்போகும். மேலே கம்பளி கெட்டியாக இருக்கும்போதே அடியில் சாக்கு பொடிந்துவிடும்.

துவைக்கவே கூடாது. நனைந்த சணல் தொய்யும், சிவப்புச் சாயம் ஓடி எல்லாவற்றையும் கெடுக்கும். உதறுவதும் அடிப்பதும் அதைவிட மோசம். வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில், சுழலும் பிரஷ் இல்லாமல், நடுவில் ஒரு வலைத்துணி வைத்து ஓட்டுங்கள். இங்கே பழைய முறை ஒன்று உண்டு: கடுங்குளிரில் புதிதாக விழுந்த உலர்ந்த பனியின் மேல் குப்புறப் போட்டுச் சற்று விட்டு எடுத்து, ஒட்டிய பனியைத் துடைப்பத்தால் தள்ளுவார்கள். அழுக்கு பனியில் தங்கிவிடும். கெட்டியான விரிப்புக்கு மட்டும் செய்யலாம்.

எடுத்து வைப்பதானால் மடிக்காதீர்கள், மடித்த கோட்டில் சாக்கு வெடிக்கும். வளையப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

சென்னைக்குக் கொண்டுபோனா தாங்குமா?

தாங்கும், கவனித்தால். ஈரம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், ஜன்னல் வெயிலும் வேண்டாம். கம்பளிக்கு எதிரி அந்துப்பூச்சி. அந்துருண்டையைத் துணிமேல் நேராக வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் சிறந்த காவல். பூச்சி வந்துவிட்டால் உறையில் காற்றுப்புகாமல் மூடி, கடுங்குளிர் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். உறை வேண்டாம் என்று முன்பு சொன்னது நிரந்தரமாக வைப்பதற்கு, இது சில நாள் வைத்தியம்.

மாட்டுவதற்கு ஆணி அடிக்கக் கூடாது. பின்னால் பருத்தித் துணி முழுவதும் தைத்து, மேலே குழாய்போல் மடித்து, அதில் கோல் நுழைத்துத் தொங்கவிட வேண்டும். எடை முழுவதும் ஒரே சீராகப் பரவும்.

ஓட்டை விழுந்த விரிப்பை வாங்கலாமா? ஒட்டுப் போடலாமா?

ஓரம் நைந்தது, சில வளையங்கள் உருவியது என்றால் பயப்பட வேண்டாம், பழைய கம்பளி தேடி அதே நிறத்தில் இழுத்துச் சேர்க்கலாம். அடியில் புதிய லினன் வைத்துத் தைத்துத் தாங்குதல் கொடுப்பார்கள். சாக்கு முழுவதுமே பொடிகிறது என்றால் விட்டுவிடுங்கள். பசை மட்டும் பூசாதீர்கள். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் நான் கேட்காமலே ஒரு பூ விரிப்புக்குப் பின்னால் ரப்பர் பசை தடவிவிட்டார்கள். சில வருடத்தில் பசை இறுகி வெடித்து, சாக்கையும் சேர்த்துப் பிளந்தது. அந்த விரிப்பைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றும் மனசு ஆறவில்லை.

அந்தக் காலத்து ஒட்டு இருந்தால் பிரிக்காதீர்கள். அதுவும் அந்த வீட்டின் கைதான்.

நானே செய்ய முடியுமா? ரொம்பக் கஷ்டமா?

ஆரி தெரிந்தவருக்கு ஒரு மதியம் போதும். அடித்துணிக்குச் சாக்கு வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது. லினனோ, இடைவெளி உள்ள தடித்த பருத்தியோ எடுங்கள். கம்பளியை வெந்நீரில் அலசிச் சுருங்கவிட்டால் வெட்டும்போது பிரியாது. பிரிமிடிவ் பாணிக்குக் கால் அங்குலப் பட்டை, வளையத்தின் உயரமும் அவ்வளவே. பரப்பைப்போல் நான்கைந்து மடங்கு துணி பிடிக்கும். எல்லா ஓட்டையிலும் இழுத்தால் விரிப்பு கட்டைபோல விறைத்துக்கொள்ளும், அங்கங்கே விட்டுவிட்டுப் போங்கள்.

ஊரில் கம்பளிக்கு எங்கே போவது என்கிறார்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் எடைக்குக் கிடைக்கிறதே. பருத்தி பனியனைப் பட்டையாக வெட்டி இழுத்தால் தானே சுருண்டு உருளையாகும், மிதியடிக்கு அருமை. பழைய கோட்டுக்குப் பதில் அப்பாவின் பழைய பனியன்.

ஏழைப் பெண்கள் செஞ்சதை இப்ப பெரிய விலைக்கு விக்கிறாங்களே, அது சரியா?

இது என்னையும் உறுத்தும் கேள்வி. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வியாபாரிகள் வண்டியில் லினோலியம் சுருளைப் போட்டுக்கொண்டு இந்தக் கிராமங்களுக்கு வந்தார்கள். பளபளப்பான புதுத் தரைவிரிப்பைக் கொடுத்து, பழைய கொக்கி விரிப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கொடுத்தவர்களுக்கு அது துடைக்கச் சுலபமான புதுப்பொருள், வாங்கியவர்களுக்கு நகரத்தில் நல்ல லாபம். செய்தவர்களின் பெயர் அந்த வாசலிலேயே தொலைந்தது.

எதிர்ப்பும் நடந்திருக்கிறது. எங்கள் மாகாணத்தில் கேப் பிரெட்டன் தீவில் ஷெட்டிகாம்ப் என்ற பிரெஞ்சு பேசும் ஊர். 1920களில் லில்லியன் பர்க் என்ற நியூயார்க் கலைஞர் அங்கே வந்து, நிறங்களைத் திருத்தி, பெரிய விரிப்புகளுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்தார். ஊருக்கு வருமானம் வந்தது. 1930களில் கூலி விஷயத்தில் தகராறாகி, பெண்களில் ஒரு பகுதியினர் பிரிந்துபோய்த் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். அந்த ஊரில் இன்றும் விரிப்பு செய்கிறார்கள். எலிசபெத் லெஃபோர்ட் என்ற அந்த ஊர்க்காரர் கம்பளி வளையத்திலேயே தலைவர்களின் முகங்களைச் செய்தவர். அங்குள்ள லெ த்ருவா பினியோன் என்ற அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம்.

அதனால் முடிந்தால் செய்கிறவரிடமே வாங்குகிறேன். பழையதை வாங்கினால் விற்றவரிடம் எந்த ஊர், எந்த வீடு, பாட்டி பெயர் தெரியுமா என்று விடாமல் கேட்டு, கிடைத்ததை வெள்ளைத் துணியில் எழுதிப் பின்பக்கம் தைத்துவிடுவேன். குதிரை விரிப்புக்குக் கிடைத்தது ஊர்ப் பெயர் மட்டும்தான். அந்தத் துணியில் அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.